கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எட்வேட் அண்ணை

எட்வேட் சூசைப்பிள்ளை தூதுவர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஆடி மாதம் லண்டனில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் திருவிழா மலரில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் படம் போட்டு, "ஆபிரிக்காவில் அமெரிக்கத் தூதுவராகப் பணியாற்றிய எம் மண்ணின் மைந்தன்" என்று அச்சடித்திருந்தார்கள். அவர் அதைப் பூசை முடிந்த பிறகு தேநீர் மேசையில், என் கண் முன்னால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. மலரைப் பக்குவமாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தை எழுதச் சொல்லி முதலில் கேட்டது என்னைத்தான். ஹீத்ரோவில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை எனக்கு. ஆனாலும் பங்கில் தமிழில் எதுவும் எழுத வேண்டுமென்றால் இந்த மெற்றில்டாவைத்தான் பிடிப்பார்கள். விழாக் குழுத் தலைவர் பெனடிக்ற் வந்து, "அக்கா, நீங்கள் எண்டால் வடிவா எழுதுவியள்" என்றார்.

"எழுதுறன். உள்ளதை எழுதினால் போடுவியளோ?" என்று கேட்டேன்.

பெனடிக்ற் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு யாரையோ பிடித்து எழுதுவித்தார். நான் இப்போதுதான் எழுதுகிறேன். இதை ஒரு மலரிலும் போட வேண்டாம்.

எட்வேட் மன்னார்ப் பக்கம். தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர், கோயிலில் பாட்டுக்குழுவும் நடத்தினவர். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒரு வெள்ளைக்காரச் சுவாமியார் பார்த்து, அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் புலமைப்பரிசில் எடுத்துக் கொடுத்தார். அப்போது ஊரில் சண்டை தொடங்கவில்லை. இவர் விமானம் ஏறியபோது கையில் இருந்தது சொந்தப் பெயர் போட்ட கடவுச்சீட்டு, வழியனுப்ப வந்தது இரண்டு வான் நிறைய ஆட்கள். எங்கள் வீடுகளில் இருந்து பிறகு கிளம்பிய ஒருவருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

கூடப் படித்த வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினார், அமெரிக்கக் குடிமகன் ஆனார், வெளிநாட்டுச் சேவைச் சோதனை எழுதி எடுபட்டார். முதல் வேலை ஆபிரிக்காவில். அதற்குப் பிறகும் ஆபிரிக்காதான். ஐரோப்பா தருகிறோம் என்று சொல்லியும் தான் மறுத்துவிட்டதாகச் சொல்லுவார். அவர் சொல்லுவதை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆறு நாடுகளில் இருந்தார். அமெரிக்கத் தூதரகத்தின் விசாப் பிரிவில் வேலை. அமெரிக்கன் ஒருவன் கடவுச்சீட்டைத் தொலைத்தால் புதிது கொடுப்பார், சிறைக்குப் போனால் போய்ப் பார்ப்பார், செத்தால் உடலை அனுப்பி வைப்பார். மற்ற நேரமெல்லாம் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து வருகிறவர்களுக்கு விசா இல்லை என்று சொல்லுவார். அதைத்தான் பங்கில் "பணி" என்று அச்சடித்தார்கள்.

பூசை முடிந்து தேநீர் மேசைக்கு வந்தால் மனுஷனின் வாய் ஓயாது. ஒரு நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, சுடுபாடுகளுக்கு நடுவில் இருநூறு பேரைப் படகில் ஏற்றிக் காப்பாற்றிய கதையை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

"அந்த இருநூறு பேரும் ஆர் அண்ணை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அமெரிக்கர்."

"உங்கட சமையல்காரனும் தோட்டக்காரனும்?"

"அவை அந்த நாட்டுக்காரர்தானே" என்றார். கேட்டது ஏன் என்றுகூட அவருக்கு விளங்கவில்லை. ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு மலேரியாக் காய்ச்சல் கதைக்குப் போய்விட்டார்.

ஓய்வு பெற்றபோது மனைவி ஏற்கனவே பிரிந்து போயிருந்தாள். ஒரே மகள் அமெரிக்காவில், கிறிஸ்மஸுக்கு ஒரு குறுஞ்செய்தி போடுவாள். லண்டனில், சட்டனில் இருந்த தமக்கை, தனியே கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அந்த அக்கா நல்ல சீவன். இரண்டு வருடத்தில் கண்ணை மூடினார். வீடு இவருக்கு ஆயிற்று, பங்கும் இவருக்கு ஆயிற்று. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவர் எங்கள் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறே என் தம்பி லெஸ்லி அவரைக் கண்டுகொண்டான். முகத்தை வைத்து இல்லை, குரலை வைத்து. தேநீர் மேசையில் இவர் லெஸ்லியின் தோளில் கை போட்டு, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். லெஸ்லி கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தான். வெளியே போய்க் காருக்குள் ஏறி இருந்தான். நான் பின்னால் ஓடிப் போய்க் கேட்டபோது, "அக்கா, அவர்தான்" என்றான்.

எவர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை.

தொண்ணூற்று நாலில் லெஸ்லிக்கு இருபத்திமூன்று வயது. காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்ற் அவனை மேற்கு ஆபிரிக்காவில் ஒரு கடற்கரைத் தலைநகரில் கொண்டுபோய் இறக்கினான். அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் சொல்லுவதில்லை. ஒரே அறையில் எங்கள் பெடியன்கள் பதின்மூன்று பேர் கிடந்தார்கள். லெஸ்லியின் கையில் ஒரு மலேசியக் கடவுச்சீட்டு. அதில் அவன் பெயர் குருமூர்த்தி, வியாபாரி. அமெரிக்காவில் ஏதோ கண்காட்சிக்குப் போகிறான். ஏஜென்ற் ஆங்கிலத்தில் பத்து வரி பாடமாக்கிக் கொடுத்திருந்தான். என்ன நோக்கம், எவ்வளவு நாள், முடியத் திரும்பி வருவாயா. இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும்.

லெஸ்லி கண்ணாடி யன்னலுக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் தொடங்கினான். மூன்று வரிதான் சொல்லியிருப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷன் பேனையை வைத்துவிட்டு, தமிழில், மெதுவாக, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார்.

அந்த நேரம் லெஸ்லி ஊரை விட்டு எட்டு மாதம். எட்டு மாதமாக வயதில் மூத்த ஒருவரும் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. அதுவும் மன்னார்த் தமிழில். பிள்ளை உருகிப் போனான். மாதாவே ஆளை அனுப்பியிருக்கிறா என்று நினைத்தானாம். சொந்தப் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான், கோயிலைச் சொன்னான், இராணுவம் பிடித்ததையும் பிறகு விட்டதையும் சொன்னான். கடவுச்சீட்டு தன்னுடையதில்லை என்று தானே சொன்னான். விசா முடியத் திரும்பிப் போவீரோ என்று அவர் கேட்க, "எனக்குத் திரும்பிப் போக இடமில்லை அண்ணை" என்றான்.

பொய் சொல்ல வந்த இடத்தில் எங்கள் ஆட்கள் தவிர வேறு எவரும் இப்படி ஒரு விசர் வேலை பார்க்கமாட்டார்கள். தமிழில் கேட்டுவிட்டால் போதும், எங்களுக்கு எல்லாம் மறந்துபோகும்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி தம்பி. கொஞ்சம் இரும், வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பி உள்ளே போனார். லெஸ்லி அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்து செபமாலை சொன்னான். நன்றிக்காகச் சொன்னான். செபமாலை முடிய முதல் பொலிஸ் வந்தது.

மூன்று மாதம் சிறை. பிறகு எப்படியோ லண்டன் வந்து சேர்ந்தான். ஸ்ட்ரெதமில் வீடு, பஸ் ஓட்டுகிற வேலை, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, எல்லாம் ஆயிற்று. மனைவி அஜித்தா இளம் வயதில் செத்துப்போனாள். மகள் ஜெஸ்ரினை அவனே வளர்த்தான். காலையில் பள்ளிக்கூடம் போக முதல் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிடுவான். நேர்ஸ் படித்து வேலைக்குப் போன பிறகும் நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் அவள் வாசலைத் தாண்டுவாள். அவள் வேலை எடுத்து அமெரிக்கா போனபோது விமான நிலையத்தில் சிலுவை போட்டு அனுப்பினான். நான்தான் அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட நின்றேன்.

அமெரிக்காவில் அவளுக்குக் கலியாணம் பொருந்தியது. நல்ல பெடியன், பெயர் தர்சிகன். அவளுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் நடுவில் நிற்கிறது, நாட்டை விட்டு வெளியே வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். ஏற்கனவே இரண்டு தரம் கலியாணத்தைத் தள்ளிப்போட்டாயிற்று. ஆகவே தகப்பன்தான் போக வேண்டும். தகப்பனால் போக ஏலாது. பொய்க் கடவுச்சீட்டோடு விசாவுக்கு வந்தவன் என்று எட்வேட் அன்றைக்கு எழுதியது ஆயுள் தடை. முப்பது வருடம் கழித்தும் அப்படியே கிடக்கிறது. விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், அந்தப் பதிவை எழுதினவரே இரக்கம் காட்டச் சொல்லி நாலு வரி எழுதிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும் என்று சொலிசிட்டர் சொன்னார்.

லெஸ்லி அவரிடம் போகமாட்டேன் என்றான். தேநீர் மேசை நாளுக்குப் பிறகு அவன் எங்கள் தமிழ்ப் பூசைக்கே வருவதில்லை. நான் போனேன். பிள்ளைக்காகப் போனேன்.

சட்டனில் அவருடைய முன் அறை முழுக்க ஆபிரிக்க முகமூடிகள். ஒரு பக்கம் மடு மாதா படம். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். தேநீர் தந்தார். நான் லெஸ்லியின் கதையை முழுக்கச் சொன்னேன். மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லை மெற்றில்டா" என்றார். "எத்தனை பேர் வந்தவை. முகம் ஒண்டும் நிக்காது."

என் தம்பி முப்பது வருடமாக அந்தக் குரலைக் காதில் சுமந்துகொண்டு திரிகிறான். இவருக்கு ஞாபகம் இல்லையாம். பிள்ளையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் எழும்பிப் போய் அந்தப் பாராட்டுப் பத்திரத்தைத் தொட்டுக் காட்டினார். "இது அந்த ஊரில கிடைச்சது. அங்க எங்கட ஆக்கள் கனபேர் வந்துகொண்டிருக்கினம் எண்டு கேள்விப்பட்டு நான்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினனான். மற்ற ஒஃபிசர்மாரால கண்டுபிடிக்க ஏலாது. இங்கிலிஷில எல்லாரும் பொய் சொல்லுவினம். தமிழில கேட்டால் உண்மை வந்திடும்."

இதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை. ஒரு நல்ல சமையல் கைப்பக்குவத்தைச் சொல்லுவதுபோலச் சொன்னார்.

"நாலு வரி எழுதித் தருவியளோ அண்ணை?" என்றேன்.

"ஆளை வரச் சொல்லும். கதைச்சுப் பாப்பம்."

லெஸ்லியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். நோக்கம் என்ன, எவ்வளவு நாள், எங்கே தங்குவீர், திரும்பி வருவீரோ. ஒன்று விடாமல் கேட்டார். லெஸ்லி ஒவ்வொன்றுக்கும் தமிழில், தலையைக் குனியாமல், உண்மையைச் சொன்னான். இந்த முறை திரும்பி வர அவனுக்கு வீடு இருந்தது.

அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார். "இரக்கம் காட்டச் சொல்லி நான் எழுதினால், அண்டைக்கு நான் காட்டாமல் விட்டது பிழை எண்டு வரும். நான் பிழை விடேல்லை. சத்தியப்பிரமாணம் எடுத்தனான். அந்த பாஸ்போட் பொய்தானே, தம்பி? நான் எழுதமாட்டன். ஆனா உம்மட பிள்ளைக்காகச் செபிக்கிறன்."

கடவுச்சீட்டு பொய்தான். அதை ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. விசா இல்லை என்று கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தாலே அவருடைய சத்தியப்பிரமாணம் காப்பாற்றப்பட்டிருக்கும். தம்பி என்று கூப்பிட்டு, வாயைப் பிடுங்கி, உள்ளே போய்ப் பொலிசைக் கூப்பிடச் சொல்லி எந்தச் சத்தியம் கேட்டது?

அதை அவர் முகத்துக்கே கேட்டேன். "உங்கட செபத்தை நீங்களே வைச்சிருங்கோ. மாதாவுக்குப் பக்கத்தில கொழுவி வைச்சிருக்கிறியளே, அந்தப் பத்திரத்தில எத்தனை தாய்மாற்ற கண்ணீர் கிடக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

லெஸ்லி என் கையைப் பிடித்தான். "அக்கா, விடு. வா" என்றான். அவரைப் பார்த்து, "சரி அண்ணை" என்று மட்டும் சொன்னான்.

விலக்குக் கிடைக்காமல் போயிற்று.

அதற்கு அடுத்த ஞாயிறு, தேநீர் மேசையில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் நான் கதையைச் சொன்னேன். அடக்கமாகச் சொல்லவில்லை, நல்ல சத்தமாகவே சொன்னேன். பெனடிக்ற், "அக்கா, கோயிலடியில வேண்டாம்" என்று கையைக் கையைப் பிடித்தார். நான் சொல்லி முடிக்க, பின்வரிசையில் எப்போதும் தனியே நிற்கிற ஒரு மனுஷன் வந்து, தன்னுடைய மச்சானும் அதே யன்னலில் அதே "தம்பி எந்த ஊர்"க்கு அகப்பட்டவன் என்றான். அதற்குப் பிறகு படகுக் கதை கேட்க ஆள் இல்லாமல் போனது. எட்வேட் வருவார், கோப்பையை எடுப்பார், சுற்றிப் பார்ப்பார், ஆட்கள் தங்கள் பாட்டில் விலகிப் போவார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை.

கலியாணம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அங்கே காலை, இங்கே பின்னேரம். லெஸ்லி தன் வீட்டு முன் அறையில் கோட்டும் சூட்டும் போட்டு, சப்பாத்தும் போட்டு நின்றான். வீட்டுக்குள் சப்பாத்து எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகள் கோயிலுக்குப் புறப்பட முதல் வீடியோவில் வந்தாள். முக்காடு போட்டு, தாயின் சங்கிலி போட்டு.

"அப்பா, சிலுவை போட்டு விடுங்கோ" என்று நெற்றியைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டு வந்தாள். திரை முழுக்க அவள் நெற்றிதான்.

லெஸ்லி பெருவிரலை எடுத்துத் திரையில் வைத்தான். மேலிருந்து கீழே இழுத்தான். விரல் கீழே இருந்த சிவப்புப் பொத்தானில் பட்டு அழைப்பு அறுந்துபோனது.

நாங்கள் இரண்டு பேரும் கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்ப அழைப்பு எடுக்க லெஸ்லியால் ஏலவில்லை. நான் வாங்கி எடுத்தேன். அங்கே வாகனம் வெளிக்கிட்டுவிட்டது. தர்சிகனின் தங்கை தொலைபேசியை வாங்கிக் கோயிலுக்குள் பிடித்தாள். ஜெஸ்ரின் ஒருவரின் கையையும் பிடிக்காமல் தனியே நடந்து வந்தாள். இங்கே இவன் அறைக்குள் அவளோடு நடந்தான். சோபாவில் இருந்து யன்னல்வரைக்கும். சப்பாத்து அதற்குத்தான்.

அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

கதவைப் பாதி திறந்தேன். எட்வேட் அண்ணை. கழுத்துப்பட்டி கட்டி, கையில் ஒரு பரிசுப் பொதியோடு நின்றார். பெனடிக்ற் சொன்னாராம், இன்றைக்குக் கலியாணம் என்று.

"பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு. நானும் உள்ளுக்கு வந்து பாக்கலாமோ?" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கதவைப் பிடித்தபடியே, "என்ன நோக்கத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "கலியாணம் பாக்கத்தான்."

"எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"கொஞ்ச நேரம்."

"முடியத் திரும்பிப் போவியளோ?"

சிரிப்பு நின்றது. பொதியை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, தேநீர் மேசையில் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் சொன்னார். "எங்க போறது மெற்றில்டா. அந்த வீட்டில கதைக்க ஒரு சனமில்லை. இப்ப கோயிலிலயும் இல்லை. எனக்குத் திரும்பிப் போக இடமில்லை."

தான் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. முகம் நினைவில் நிற்காதவருக்கு, லெஸ்லி அன்றைக்குச் சொன்ன அந்த வரி மட்டும் நின்றிருக்குமா?

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி அண்ணை" என்றேன். "கொஞ்சம் நில்லுங்கோ, வாறன்."

கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டேன்.

"ஆரக்கா?" என்று லெஸ்லி திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. நீ பிள்ளையைப் பார்."

அங்கே மோதிரம் மாற்றினார்கள், பாட்டுப் பாடினார்கள், நற்கருணை கொடுத்தார்கள். லெஸ்லி வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன். எல்லாம் முடிந்து தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட எழும்பியபோது வாசல் பக்கம் பார்த்தேன். கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பொதியும் கையுமாக, அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.